பூட்ஸ் தேய்க்கும் இடம்

மலை உச்சியில் ஒட்டுப்புல் முளைத்திருக்கிறது என்ற சேதியை நெட்டைதான் கொண்டுவந்தான். அவன் ஜீப் டிரைவர். உலர்த்தும் அறையின் வாசலில் தலையைக் குனிந்து நின்றான். குனியாவிட்டால் நிலையில் இடிக்கும்.

"தங்கச்சி, நாளைக்குக் காலைல மேல போறோம். தோண்டறதுக்கு."

"என்னத்தை?"

"ஒட்டுப்புல்லு. உச்சிப் புல்வெளில நிக்குதாம்." கதவில் இருந்த ஆணியைத் தடவிக்கொண்டே சொன்னான். "அவன் கிடந்தானே, அந்த எடம்."

அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நெட்டை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அவளுடைய வேலை காகிதம் மாற்றுவது. மலையிலிருந்து வரும் செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, விளக்குச் சூட்டில் காய வைப்பார்கள். செடியின் ஈரம் காகிதத்தில் இறங்கும். தினமும் ஈரக் காகிதத்தை எடுத்துவிட்டுக் காய்ந்ததை வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அலமாரியில் அடித்தட்டு அடிவாரக் காட்டுக்கு, நடுத்தட்டு மூங்கில் காட்டுக்கு, மேல்தட்டு உச்சிப் புல்வெளிக்கு. அடித்தட்டில் கட்டுகள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். நடுவில் கொஞ்சம் கை நுழையும். மேல்தட்டு பாதி காலி. மேலே போகப் போக வகை குறையும், ஆனால் அங்கே இருப்பது வேறெங்கும் இருக்காது என்று செடி மேடம் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். இந்த மலைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் தலைமை. எந்த உயரத்தில் எந்தச் செடி, எந்தப் பூச்சி, எந்தத் தவளை என்று வருஷா வருஷம் போய்ப் பார்த்து வருவதுதான் அவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு. அவளைப் பொறுத்தவரை மேல்தட்டு என்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. காடு முடிந்து மூங்கில் தொடங்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை. மூங்கில் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் இன்னொன்று. தண்ணீர் டிரம், முரட்டு பிரஷ், பூட்ஸின் அடிப் பள்ளங்களைக் குடைய ஒரு இரும்பு ஊசி. பூட்ஸ், சாக்ஸ், பேன்ட் ஓரம், பையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் அங்கே தேய்த்துவிட்டுத்தான் மேலே கால் வைக்க வேண்டும். கீழே முளைக்கிறது எதுவும் மேலே போய் முளைக்கக் கூடாது. அதிலும் அவரவர் பூட்ஸை அவரவர் தேய்க்கக் கூடாது. அடுத்தவன்தான் தேய்க்க வேண்டும். தன் காலைத் தானே தேய்க்கிறவன் அவசரப்படுவான், ஏமாற்றுவான்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் அவள் வீட்டுக்காரன். ஆட்களுக்கு மேஸ்திரி. அவனும் அவன் தம்பியும் கல் குவாரியில் உடைத்துக்கொண்டிருந்தவர்கள். அப்பன் அந்தத் தூசியிலேயே இருமி இருமிச் செத்த பிறகு இந்த வேலைக்கு வந்தார்கள். குவாரியில் வெடி வைக்கிறவன் திரியைப் பார்ப்பதுபோல அவன் ஒவ்வொருவனுடைய பூட்ஸையும் பார்ப்பான். ஒரு புல் விதை ஒட்டியிருந்தால் போதும், பரம்பரையையே இழுத்துப் பேசுவான்.

போன வருஷம் மழை விடுகிற நேரத்தில், உச்சியில் வைத்திருந்த வெப்பமானிப் பெட்டியை எடுக்கத் தனியாகப் போனான். பாறையில் வழுக்கித் தொடை எலும்பு ஒடிந்தது. வாக்கிடாக்கியில் சொன்னான். நடுக்காட்டு முகாமில் இருந்தது அவன் தம்பி மட்டும்தான். கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது அண்ணன் செத்திருந்தான். எலும்பு உடைந்ததோடு குளிரும் சேர்ந்துகொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாவுக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு கொழுந்தன் அவள் முன்னால் சுவரோரம் உட்கார்ந்தான்.

"நான் போனப்ப அக்குள்ல சூடு இருந்துச்சு அண்ணி."

அவள் கேட்டாள். "வழில நின்னியா?"

"மேடைல நின்னேன்."

"எதுக்கு?"

"தேய்க்கறதுக்கு. தேய்க்காம போனா அண்ணன் கிழிச்சிடுவான்னு நினைச்சேன். கால் ஒடிஞ்சு கத்திக்கிட்டு இருப்பான், என்னைப் பார்த்ததும் மொதல்ல பூட்ஸைத்தான் பார்ப்பான்னு நினைச்சேன். செத்துடுவான்னு தோணவே இல்ல." கேட்காததையும் சொன்னான். "தேய்ச்சுவிட வேற ஆள் இல்ல. நானே தேய்க்க வேண்டியதாப் போச்சு. அதுல நேரம் ஆயிடுச்சு."

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. சாப்பாடு போட்டு மூடி வைப்பாள். அவன் வந்து தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். சண்டை ஏதும் இல்லை. அழுகையும் இல்லை. அழ வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டினாள். ஒருமுறை விளக்குச் சூட்டில் விரல் பொசுங்கியது. வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் மேடம் கொழுந்தனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். உலர்த்தும் அறைக்கும் அதற்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. பேச்சு அப்படியே கேட்டது.

"உன்மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த நிலைமைல யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்க. தேய்க்கலன்னா தேய்க்கலன்னு சொல்லு."

"தேய்ச்சேன் மேடம்."

"பின்னால ஸ்ட்ரெச்சர் கொண்டுபோனவங்களுக்கு அவசரம் இல்ல. அவர் போயிட்டார்னு தெரிஞ்சுதான் ஏறினாங்க. எல்லாரும் தேய்ச்சதை நெட்டை நின்னு பார்த்திருக்கான். உங்க அண்ணன் பூட்ஸைச் சந்தேகப்படவே வேண்டாம். மிச்சம் இருக்கறது நீ ஒருத்தன். ஒட்டுப்புல் விதைக்கு இறக்கை கிடையாது. எது மேலயாவது ஒட்டிக்கிட்டுத்தான் ஏறும்."

"தெரியல மேடம். நான் தேய்ச்சேன்."

"நாளைக்கு நேர்ல பார்க்கறேன். பூட்ஸ்ல வந்ததுன்னு ஆச்சுன்னா உன்னை இனி மேல அனுப்ப முடியாது. சட்டம் உனக்கே தெரியும். கீழ குடுக்கறதுக்கு என்கிட்ட வேலை இல்ல."

வேலை இல்லை என்றால் குவாரி. வேறு எதுவும் அந்தப் பக்கத்தில் கிடையாது. அவன் நெஞ்சில் பாதித் தூசி ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி போனால் அப்பன் போன வழிதான் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துக் காட்டியே சொல்லியிருந்தார்.

அவன் போன பிறகு அவள் ஆபீஸ் வாசலுக்குப் போனாள். "நானும் மேல வரேன் மேடம்."

"நீ எதுக்கும்மா? வேண்டாம்."

"தோண்ட ஆள் பத்தலன்னு சொன்னீங்களாமே."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னேன்."

"அப்ப வரேன்."

விடிந்ததும் கிளம்பினாள். கொடியில் கிடந்த துண்டைத் தலைக்கு எடுத்துக்கொண்டாள். ஆணியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலிதீன் பை தொங்கியது. அதற்குள் வீட்டுக்காரனுடைய கம்பளிக் குல்லா. குளிருக்கு நன்றாக இருக்கும். பையை அவள் பிரித்ததே இல்லை. இன்றும் பிரிக்கவில்லை.

ஜீப் காட்டு விளிம்பில் நின்றது. அங்கிருந்து நடை. அவர்கள் நாலு பேர்: மேடம், நெட்டை, கொழுந்தன், அவள். அடிவாரக் காட்டில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. மரத்தின்மேல் கொடி, கொடியின்மேல் பாசி, பாசிக்குள் எறும்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று கத்தியது. நெட்டை நின்று நின்று காலிலிருந்து அட்டையைப் பிடுங்கினான்.

"அட்டையைக் கணக்கெடுத்தாச்சா மேடம்? எடுக்கலன்னா அங்க இங்க அலைய வேண்டாம். மொத்தமும் என் கால்லதான் இருக்கு."

"நீளம் அதிகம்ல, அதான் இடம் தாராளமா இருக்கு" என்றார் மேடம்.

கொழுந்தன் சிரிக்கவில்லை. கடப்பாரையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் போனான். ஏற்றம் வந்தால் அவன் மூச்சு விசில்போலக் கேட்கும்.

முதல் மேடையில் கொழுந்தன் பிரஷை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தான். அவள் திரும்பி நெட்டைக்கு நேராகக் காலை நீட்டினாள். நெட்டை இருவரையும் பார்த்தான். பிரஷை வாங்கிக் குந்தி உட்கார்ந்தான். முடித்துவிட்டுக் கொழுந்தனுடைய காலைத் தேய்க்கும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனால் அவன் தாழ்த்தினால் அது மற்றவர்கள் பேசுகிற சத்தம்.

"கூறுகெட்டவனே. தேய்க்கலன்னு சொல்லித் தொலைச்சிருந்தா, வேலை போனாலும் வீட்ல ஒரு வார்த்தையாவது கெடைச்சிருக்கும். இப்ப ரெண்டும் இல்லாம நிக்கற."

கொழுந்தன் காலை மாற்றி வைத்தான்.

மூங்கில் காட்டில் சத்தம் குறைந்தது. கீழே கத்திய பறவை எதுவும் இங்கே இல்லை. மூங்கிலுக்கு நடுவே குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி தொங்க, ஈரத் துணி காயப் போட்டதுபோல நின்றன. மேடம் ஒரு கன்றைக் காட்டினார். "இது அடிக்காட்டு மரம். நான் வேலைக்கு வந்தப்ப இந்த உயரத்துல இது கிடையாது. கீழ சூடு ஏற ஏற எல்லாம் மேல நகருது."

"அப்ப மேல இருக்கறது எங்க போகும்?" என்றான் நெட்டை.

"அதுக்கு மேல வானம்தான்."

இரண்டாவது மேடையிலும் நெட்டையே அவள் காலைத் தேய்த்தான்.

அதைத் தாண்டியதும் மரம் நின்றுவிட்டது. புல், பாறை, காற்று. நிழல் என்று ஒன்று கிடையாது. கால் வைக்கும் இடத்தில் வெட்டுக்கிளிகள் தத்தின. ஒன்றுக்கும் இறக்கை இல்லை. பறந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் இங்கே இறக்கையே வைத்துக்கொள்வதில்லை. பாறைகளுக்கு நடுவில் தலையணைச் செடிகள் இருந்தன. ஆட்கள் வைத்த பெயர் அது. கவிழ்த்த கூடைபோல உருண்டையாக, பச்சையாக, நெருக்கமாக இருக்கும். கையால் அழுத்தினால் உள்ளே கட்டி. ஒரு வருஷம் முழுக்க வளர்ந்தாலும் ஒரு நெல்லின் அகலம் வராது. மேடம் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கே உட்கார்ந்திருக்கிற செடிகள்.

மேடம் அவர்களை வரிசையாக நிற்க வைத்தார். மேடையிலிருந்து அந்தப் பாறைவரை கொழுந்தன் அன்று ஓடிய தடத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கச் சொன்னார். நடந்தார்கள். உச்சியில் முளைக்கிறதைத் தவிர எதுவும் இல்லை. ஒட்டுப்புல் ஒன்றுகூட இல்லை.

பாறைக்குப் பக்கத்தில் ஒரு தலையணைச் செடி. அதன் நடுவில் ஒரு குழி, சோற்றுப் பானை வைத்து எடுத்ததுபோல. குழிக்குள் செடி பழுப்பாகச் செத்திருந்தது. வீட்டுக்காரன் தலை இருந்த இடம். அந்தச் செடி இன்னும் நிமிரவில்லை. அது வளர்கிற வேகத்துக்கு, அவள் ஆயுசில் நிமிராது. குழி முழுக்க ஒட்டுப்புல் நின்றது. கணுக்கால் உயரம். நுனியில் விதை கட்டத் தொடங்கியிருந்தது.

இங்கே வந்தால் என்னவாவது ஆகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கை விறைத்தது, அது குளிரால்.

"பூட்ஸ்தான்" என்றார் மேடம், தனக்குத்தானே சொல்வதுபோல. "இங்க மண்டி போட்டிருப்பான். அப்ப உதிர்ந்திருக்கும்."

கொழுந்தன் கடப்பாரையைக் கீழே வைத்தான். மேடத்தைப் பார்க்காமல் அண்ணியைப் பார்த்தான்.

"தேய்க்கல மேடம்."

நெட்டை தலையைத் தூக்கினான்.

"நேத்து சொன்னது பொய். மேடைல நிக்கவே இல்ல. நேரா ஓடிட்டேன். நான் வர்றதுக்குள்ள அவன் போயிட்டான். வேகமாத்தான் வந்தேன். வழில எங்கயும் நிக்கல."

அது மேடத்துக்குச் சொன்னது இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது. மேடம் பெருமூச்சு விட்டார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்."

அவள் குந்தி உட்கார்ந்தாள். குழியைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே வந்தாள். அவன் மண்டி போட்டிருந்தால் முட்டி இந்தப் பக்கம் இருந்திருக்கும், பூட்ஸ் அதற்கும் பின்னால். அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. குழிக்கு வெளியே ஒரு தளிர் இல்லை. தலை இருந்த இடத்தில் மட்டும், தலையின் அளவுக்கு.

வீட்டுக்குப் பின்னால் வேலி. வேலி நெடுக ஒட்டுப்புல். போன வருஷம் வீட்டுக்காரன் உச்சிக்குக் கிளம்பிய அன்று காலையில் அவன் குல்லாவை அந்த வேலியில்தான் காயப் போட்டிருந்தாள், வேறெங்கும் வெயில் இல்லாததால். எடுக்கும்போது கம்பளி முழுக்க விதை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பாதி எடுப்பதற்குள் நெட்டை ஹாரன் அடித்தான். மிச்சத்தைப் போகும்போது எடுத்துக்கோ என்று சொல்லி வீட்டுக்காரன் கையில் கொடுத்தாள். அவன் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். பையின் அடியைத் தேய்ப்பார்கள். உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை.

கொழுந்தன் பிடரியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லும்போது அவன் அப்படித்தான் செய்வான். அவள் சும்மா இருந்தால் போதும். அவன் நிற்காமல் ஓடி வந்தான் என்று ஆகிவிடும். அக்குளில் இருந்த சூட்டுக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். சாயங்காலம் அடுப்படியில் அவனிடம் ஏதாவது பேசலாம், அடுத்த வாரம் அவன் குவாரிக்குப் போகும்வரை.

"பூட்ஸ் இல்ல மேடம்" என்றாள். "குல்லா."

"என்ன?"

சொன்னாள். வேலி, கம்பளி, பாதி பிடுங்கியது, ஹாரன். நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. "குல்லா வீட்லதான் இருக்கு. ஆஸ்பத்திரிப் பையைப் பிரிக்கவே இல்ல. அதுல இன்னும் ஒட்டிட்டு இருக்கும். பார்த்துக்கங்க."

மேடமும் குந்தி உட்கார்ந்தார். அவள் விரல் போன வழியிலேயே தானும் தடவிப் பார்த்தார்.

"தலையை நாம பார்க்கறதே இல்ல" என்றார் கடைசியில். பிறகு கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ தேய்ச்சியா, தேய்க்கலையா?"

அவன் அண்ணியைப் பார்த்தான்.

"தேய்ச்சான்" என்றாள் அவள். "மேடைல நின்னு தேய்ச்சுட்டுத்தான் வந்தான். என்கிட்ட அன்னைக்கே சொன்னான்."

காற்று அடித்தது. நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

"நீ இங்கயே இரு, அப்ப" என்றார் மேடம் கொழுந்தனிடம். வேலையைத்தான் சொன்னார். அவன் தலையாட்டினான்.

ஒட்டுப்புல்லை மேடம் முதலில் கையால் பிடுங்கிப் பார்த்தார். வேர் பாதியில் அறுந்தது. மிச்சம் தலையணைச் செடிக்குள் போயிருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் அறுந்தது.

"இதைச் சுத்தி ஒரு சாண் எடுக்கணும்" என்றார். அவளைப் பார்த்தார். "இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். மாசத்துக்கு ஒருதரம் வந்து பிடுங்கிட்டே இருக்கலாம். செடி அப்படியே இருக்கட்டும்."

"விதை கட்டிடுச்சே மேடம்."

"ஆமா."

"அப்ப எடுத்துடலாம்."

கடப்பாரையை அவளே வாங்கினாள். குவாரிக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், கடப்பாரை புதிது இல்லை. குழியைச் சுற்றி ஒரு சாண் விட்டுக் குத்தினாள். செடி மரம்போல இருந்தது. உள்ளே வருஷக்கணக்கான சருகு, அதற்குள் மண், மண்ணுக்குள் கண் தெரியாத வெள்ளைப் புழு ஒன்று. அதை எடுத்துப் பக்கத்துச் செடியின் அடியில் விட்டாள். கொழுந்தன் சாக்கைப் பிரித்துப் பிடித்தான். துண்டு துண்டாகப் பெயர்த்துப் போட்டாள். குழி போய் அந்த இடத்தில் ஒரு பள்ளம் ஆனது. எந்தப் பள்ளமும்போல ஒரு பள்ளம். சாக்கின் வாயை நெட்டை கட்டினான். கீழே கொண்டுபோய் எரிப்பார்கள். குல்லாவையும் சேர்த்து எரிக்க வேண்டியிருக்கும் என்று மேடம் சொன்னார். சரி என்றாள்.

இறங்கும்போதும் மேடையில் நிற்க வேண்டும். மேடமும் நெட்டையும் முன்னால் வந்து ஒருவரையொருவர் தேய்த்து முடித்துவிட்டு மூங்கிலுக்குள் இறங்கிவிட்டார்கள். நெட்டையின் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது. மேடத்திடம் எதையோ கேட்டுக்கொண்டு போனான்.

கொழுந்தன் பிரஷை எடுத்தான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"காலை வை."

அவன் வைத்தான். அவள் குந்தி உட்கார்ந்து டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினாள். முதலில் மேல்பக்கம், பிறகு ஓரம், பிறகு அடி. அடியில் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசியை விட்டுக் குடைந்தாள். மண் வந்தது, சரளைக் கல் வந்தது. மறுபடி தண்ணீர். மறுபடி பிரஷ். சாக்ஸை மடித்துப் பார்த்தாள். பேன்ட் ஓரத்தை உதறித் தையலை விரித்துப் பார்த்தாள்.

"போதும் அண்ணி" என்றான் அவன்.

அவள் நிறுத்தவில்லை. ஒரு ஆள் தனியாக, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தன் காலைத் தானே தூக்கிப் பிடித்து இதையெல்லாம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தாள். வேகமாகச் செய்தால் எவ்வளவு. ஒன்றும் விடாமல் செய்தால் எவ்வளவு. அந்த நேரம் முழுவதும் அவள் கையில் இருந்தது. அது நீளமா, கொஞ்சமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊசியைத் தண்ணீரில் அலசினாள்.

"அடுத்த காலை வை" என்றாள்.